மூலைத்தூணைப் பார்த்தால் தொழில் தெரியும்: அல்சாஸ் மரவீடுகள் பற்றி வாசகர் கேள்விகள்

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைக்கும் நடுவே இருக்கிறது அல்சாஸ். அங்குள்ள கொல்மார் நகரின் ஃபிஸ்டர் வீட்டுப் படத்தைச் சென்ற இதழில் போட்டிருந்தோம். "தொப்பி செய்தவர் கட்டிய வீடு" என்ற ஒரு வரிக் குறிப்பும் கூடவே இருந்தது. அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மரச்செதுக்கு பற்றியவை. மரவேலையும் பழைய கட்டடப் பராமரிப்பும் தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: ஒரு தொப்பிக்காரர் இவ்வளவு பெரிய வீடு கட்ட முடியுமா? அந்தக் காலத்துக் கைவினைஞர்கள் எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்களா?

பதில்: இல்லை. ஃபிஸ்டர் வீட்டை 1537இல் கட்டிய லுட்விக் ஷேரர் தொப்பிக்காரர்தான். ஆனால் அவருடைய பணம் தொப்பியில் மட்டும் வந்ததல்ல, வெள்ளி வியாபாரத்திலும் வந்தது. பக்கத்து மலைப் பள்ளத்தாக்கில் அப்போது வெள்ளிச் சுரங்கங்கள் கொழித்துக்கொண்டிருந்தன. மூலையில் இரண்டு மாடி உயரத்துக்குத் துருத்தி நிற்கும் ஜன்னல் மாடம், எண்கோணப் படிக்கட்டுக் கோபுரம், மேலே ஓடும் மரத் தாழ்வாரம் எல்லாம் ஊருக்குத் தன் வளத்தைக் காட்டவே. ஃபிஸ்டர் என்ற பெயரும் கட்டியவருடையதல்ல. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியிருந்த குடும்பத்தின் பெயர். சுவரில் இருப்பதில் பெரும்பகுதி ஓவியம், செதுக்கு குறைவு.

உண்மையான கைவினைஞர் வீடு இதைவிடக் குறுகலானது. கீழ்த்தளம் கல்லில் இருக்கும், பட்டறையும் கடையும் அங்கேதான். மேலே மரச்சட்டத்தில் ஒன்றிரண்டு மாடிகள், தெருவைப் பார்த்த பக்கம் கணப்படுப்பு உள்ள கூடம். அல்சாஸ்காரர்கள் அதை 'ஷ்டூப்' என்பார்கள். கூரைக்கடியில் பொருள் வைக்கும் பரண். தொழிலுக்கேற்ப இந்த அமைப்பு மாறும். தோல் பதனிடுபவர் வீடு என்றால் பரண் அகலமாக, காற்றோட்டத்துக்காகப் பக்கம் திறந்து இருக்கும். ஈரத்தோல் அங்கேதான் காயும். அல்சாஸின் தலைநகரான ஸ்ட்ராஸ்பூரின் 'சின்ன பிரான்ஸ்' பகுதியில் 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த தோல்காரர் வீடு நிற்கிறது. கொல்மாரிலும் தோல்காரர் தெருக்கள் உண்டு. ஒடுங்கி உயர்ந்த வீடுகள், பல வீடுகளில் நிலவறையே கிடையாது. 1968 முதல் 1974 வரை அந்தப் பகுதியைச் சீரமைத்தார்கள்.

கேள்வி: செதுக்கு ஏன் எப்போதும் மூலைத்தூணிலும் ஜன்னலைச் சுற்றியுமே இருக்கிறது? நடுச் சட்டங்களில் ஏன் இல்லை?

பதில்: கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. இந்த வீடுகள் கூடை மாதிரி. தூண், படுக்கைச் சட்டம், சாய்வாக முட்டுக்கொடுக்கும் சாய்வுக்கை மூன்றும், ஒன்றின் மெலிந்த முனை (அதுதான் கழுந்து) இன்னொன்றின் துளைக்குள் இறங்கி, குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்டப்படும். எங்கே கழுந்து இறங்குகிறதோ அங்கே மரத்தின் உள்ளே ஏற்கெனவே துளை இருக்கிறது. அதற்கு மேலே செதுக்கினால் துளையைச் சுற்றியுள்ள சதை மெலியும். நடுத்தூண்களில் இரண்டு பக்கமும் கழுந்துத் துளைகள் நெருங்கி வருவதால் செதுக்க இடம் கொஞ்சம்தான். மூலைத்தூண் அப்படியல்ல. அது வீட்டிலேயே தடித்த மரம், 25 முதல் 30 செ.மீ. சதுரம் சர்வசாதாரணம். வெளிப்பக்க முகங்கள் இரண்டிலும் கழுந்து வராது. தெருவில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கண்ணில் படும். பெயர்ப்பலகைக்கு இதைவிடத் தோதான இடம் வேறில்லை.

ஜன்னல் சட்டமும் அதே கணக்குதான். பாரம் தாங்கும் தூண்களுக்கு வெளியே ஒரு பலகைச் சட்டத்தைத் தனியாகத் துருத்தி வைப்பார்கள். அதில் முறுக்குத்தூண், இலைக்கொடி என்று எவ்வளவு வேண்டுமானாலும் குடையலாம், வீடு விழாது. ஒரு செதுக்கு பாரம் தாங்கும் மரத்திலேயே உள்ளதா, மேலே ஒட்டிய பலகையில் உள்ளதா என்று முதலில் பாருங்கள். மரத்திலேயே வெட்டியது என்றால் சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் முன்பே, தச்சர் முற்றத்தில் படுக்க வைத்து வெட்டியிருப்பார்கள். பின்னால் ஒட்டிய பலகை எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம், சில சமயம் போன தலைமுறையில்கூட.

கேள்வி: கேடயம் போன்ற கட்டத்துக்குள் சுத்தியல், சக்கரம், பிரெட்செல் என்று பல சின்னங்கள் பார்த்தேன். எது எந்தத் தொழில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சுலபமானவை சில. கைகோத்த முடிச்சு போன்ற பிரெட்செல் ரொட்டி என்றால் ரொட்டிக்காரர், இருபுறமும் சிங்கங்கள் அதைத் தாங்கிப் பிடித்திருப்பதும் உண்டு. கத்தரிக்கோல் தையல்காரர். பூட்ஸ் செருப்புத் தைப்பவர். மாட்டுத்தலையும் கோடரியும் கசாப்புக்காரர். லாடம் கொல்லர். நங்கூரம் படகுக்காரர், ஸ்ட்ராஸ்பூரில் படகுக்காரர் சங்கத்துக்கு நங்கூரம்தான் அடையாளம், சங்கங்களின் வரிசையில் அதற்கே முதலிடம்.

தடுமாற வைப்பவை வேறு. சக்கரத்தைக் கண்டதும் வண்டிச்சக்கரம் செய்பவர் என்று எழுதிவிடுவார்கள். ஆரக்கால்கள் இருந்து வெளிவட்டம் வழுவழுவென்று இருந்தால் அது சரி. வெளிவட்டத்தில் பல் இருந்தால் அது மாவு ஆலையின் பல்சக்கரம், வீடு ஆலைக்காரருடையது. பல நேரம் பாதிச் சக்கரமே செதுக்கியிருக்கும். பீப்பாய் செய்பவர் வீட்டில் பீப்பாய் இருக்கலாம், ஆனால் திராட்சைத் தோட்டக்காரரும் பீப்பாய் போடுவார். பீப்பாய்க்கு மேலே கவராயமும் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலும் குறுக்காகக் கிடந்தால்தான் பீப்பாய்த் தச்சர் என்று உறுதி. பீப்பாயின் வட்ட மூடியை அளக்கக் கவராயம் இல்லாமல் அவருக்கு ஒரு நாளும் ஓடாது. தோட்டக்காரரின் அடையாளம் கொக்கி போல வளைந்த கவாத்துக் கத்தி. வெறும் திராட்சைக் குலையை நம்பாதீர்கள். மது விளையும் ஊரில் அது பூ மாதிரி அலங்காரம்.

ஆறு முனை நட்சத்திரம் கண்டால் யூதர் வீடு என்று வழிகாட்டிகள் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அல்சாஸிலும் தெற்கு ஜெர்மனியிலும் பீர் காய்ச்சுபவர்களின் சின்னமும் அதேதான். சுற்றிலும் வேறு தடயம் தேடாமல் முடிவுக்கு வராதீர்கள்.

சின்னத்தோடு நிற்காமல் எழுத்தையும் பாருங்கள். கேடயத்தின் மேலேயோ பக்கத்திலேயோ இரண்டு ஜோடி எழுத்துகள் இருக்கும். ஒரு ஜோடி கணவர் பெயர், குடும்பப் பெயரின் முதலெழுத்துகள். அடுத்த ஜோடி மனைவியுடையவை, அதுவும் அவர் பிறந்த வீட்டுப் பெயரோடு. வீடு இருவர் சொத்து என்று ஊரறியப் பொறித்த பத்திரம் அது. எழுத்துகள் ஜெர்மன் மரபில் இருக்கும். இந்த வீடுகள் எழுந்த காலத்தில் அல்சாஸ் ஜெர்மானியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. 1648 வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கைக்குப் பிறகுதான் படிப்படியாக பிரான்சிடம் வந்தது. ஸ்ட்ராஸ்பூர் வந்தது 1681இல். வட்டாரப் பேச்சு அதற்குப் பின்னும் மாறவில்லை.

கேள்வி: தூணில் 15Λ4 போல ஒன்று தெரிகிறது. Λ எண் அல்லவே?

பதில்: எண்தான், பழைய 7. ஒரு கூரைபோல இரண்டு கோடுகள். ஆக அது 1574. இதேபோல் பழைய 4, இன்றைய 8இன் மேல் பாதிக்கு இரண்டு கால் முளைத்தது போலச் சுழியோடு இருக்கும். 15ஆம் நூற்றாண்டுப் பொறிப்புகளில் இது வரும், பிறகு இன்றைய வடிவம் வந்துவிடுகிறது. ஆண்டின் நான்கு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கேடயத்தின் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 10 என்று பிரித்துப் பொறிப்பதும் வழக்கம். தனித்தனியாகப் படித்துக் குழம்புவார்கள்.

எண்ணைச் சரியாகப் படித்தாலும் வீட்டின் வயது கையில் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆணி கழற்றினால் மொத்தச் சட்டமும் பிரிந்துவரும் என்பதால் மரவீட்டை அசையும் பொருளாகவே கருதினார்கள். விற்பார்கள், பிரிப்பார்கள், வேறு ஊரில் நிறுத்துவார்கள். பழைய தூணைப் புது வீட்டில் செருகுவதும் உண்டு. எனவே தூணில் உள்ள ஆண்டு அந்தத் தூணுக்கு மட்டுமே. சந்தேகம் என்றால் சட்டங்களில் உளியால் கீறிய ரோமன் எண்களைத் தேடுங்கள். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர் போட்ட அடையாளம் அது. நான்கை IIII என்றும், ஒன்பதை VIIII என்றும்தான் போடுவார்கள். தலைகீழாகப் பார்த்தால் குழம்பாமல் இருக்கவே அப்படி. அந்த வரிசை இடையில் அறுந்து, வேறு கையெழுத்தில் தொடர்ந்தால் அங்கே மரம் மாற்றப்பட்டிருக்கிறது. உறுதியான தேதி வேண்டுமானால் மரத்தின் ஆண்டு வளையங்களை அளந்து, தேதி தெரிந்த மரங்களோடு ஒப்பிடும் முறை ஒன்றுதான் வழி. அதிலும் பட்டைக்கு அடுத்த கடைசி வளையம் மிஞ்சியிருந்தால்தான் வெட்டிய ஆண்டு துல்லியமாக வரும்.

கேள்வி: நீல வீடு கத்தோலிக்கர், சிவப்பு வீடு கொல்லர் என்று நிறத்துக்கும் தொழிலுக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, அதைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. ஒரே வீட்டைச் சுரண்டினால் ஐந்தாறு நிறம் அடுக்கடுக்காக வரும். குடியிருந்தவர் ஐந்தாறு முறை தொழிலும் மதமும் மாறினார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நாம் இன்று பார்க்கும் பளிச் நிறங்களில் பெரும்பாலானவை மிகச் சமீபத்தியவை. இடையில் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பல வீடுகளின் மரச்சட்டத்தையே சுண்ணாம்புப் பூச்சுக்குள் மறைத்துவிட்டார்கள். தீ பயம் ஒன்று, கல் வீடு போலத் தெரிய வேண்டும் என்ற ஆசை ஒன்று.

கேள்வி: பெருக்கல் குறி, சாய்சதுரம், வளைந்த நாற்காலி வடிவம்... இவற்றுக்கு அர்த்தம் என்ன?

பதில்: ஜன்னலடிக் கட்டத்தில் வரும் X வடிவத்தை அந்திரேயா சிலுவை என்பார்கள். அதைச் சாய்சதுரத்தோடு சேர்த்தால் வளப்பெருக்கின் அடையாளம் என்றும், வளைந்த கால்கள் கொண்ட வடிவம் ரோமானிய நீதிபதியின் நாற்காலி, ஆகவே கௌரவத்தின் சின்னம் என்றும் சுற்றுலாப் பலகைகள் எழுதும். கையும் காலும் விரித்த மனிதன் போலத் தூணின் இருபுறமும் சாய்வுக்கைகள் நிற்பதற்கு 'மனிதன்' என்றே பெயர்.

இதில் கடைசிப் பெயர் தச்சர்களுடையது, பயன்பாட்டில் இருந்தது. மற்ற அர்த்தங்களைக் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள். சாய்வுக்கை இல்லாத சதுரச் சட்டம் காற்றில் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. அதுதான் முதல் காரணம். வளைந்த மரத்தை வீணாக்காமல் பயன்படுத்தியது இரண்டாவது. அழகு அதற்குப் பிறகு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மன் தேசியவாதிகள் சிலர் இந்தச் சட்டங்களைப் பழைய ஜெர்மானியரின் ரூன் எழுத்துகளாகவே 'படித்தார்கள்'. அந்தப் படிப்பின் எச்சம் இன்றைய விளக்கங்களிலும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூலைத்தூணில் உள்ள இதயம், துலிப் பூ, ஆறிதழ் வட்டம் ஆகியவற்றுக்கு நல்வாழ்த்து என்ற அளவில் பொருள் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கேள்வி: நாக்கை நீட்டிக்கொண்டு முறைக்கும் தலை ஒன்றை ஒரு தூணின் உச்சியில் பார்த்தேன். கண் திருஷ்டிக்கா?

பதில்: ஆமாம், ஜெர்மனில் அதன் பெயரே 'பொறாமைத் தலை'. பொறாமைப் பார்வையைத் திருப்பி அனுப்பும் வேலை அதற்கு. எல்லாத் தலையும் அந்த வகை என்று சொல்ல முடியாது. கொல்மாரின் 'தலைகளின் வீடு' 1609இல் ஒரு வணிகர் கட்டியது. அதன் முகப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட முகங்கள். அவை மறுமலர்ச்சிக் கால நாகரிகம், திருஷ்டிக் கணக்கு அல்ல. அதே வீட்டின் உச்சியில் நிற்கும் பீப்பாய்த் தச்சர் சிலையைக் கவனியுங்கள். அமெரிக்காவின் சுதந்திரதேவி சிலையைச் செய்த பர்த்தோல்டி கொல்மாரில் பிறந்தவர். 1902இல் வெள்ளீயத்தில் அவர் செய்தது அது. வீடு அப்போது மதுச் சந்தைக்கூடமாக மாறியிருந்தது. அதனால்தான் வணிகர் வீட்டின் தலையில் பீப்பாய்த் தச்சர்.

தலையைவிட மிரட்டும் சிற்பம் வேண்டுமானால் ரிக்விர் ஊரின் கீனர் வீட்டுக்குப் போங்கள். 1574ஆம் ஆண்டு. வாசல் மேலே, வீட்டைக் கட்டியவரையே மரணம் பிடித்துக்கொள்வது போலப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. வாசலை வேண்டுமென்றே கோணலாக வைத்திருக்கிறார்கள், குறுகிய தெருவில் வண்டி திரும்பி நுழைய.

கேள்வி: ஸ்ட்ராஸ்பூரில் காமர்ஸெல் வீட்டின் முன் நிற்கும்போது எங்கிருந்து பார்ப்பது என்றே தெரியவில்லை. ஒரு வரிசை சொல்லுங்கள்.

பதில்: பேராலயச் சதுக்கத்தில் நிற்கும் இந்த வீடு கைவினைஞர் வீடல்ல. பாலாடைக்கட்டி வணிகர் மார்ட்டின் பிரவுன் 1571இல் வாங்கி, 1467ஆம் ஆண்டுக் கல் கீழ்த்தளத்தை அப்படியே விட்டு, மேல் மாடிகளை 1589இல் புதிதாக எழுப்பினார். ஆனால் அல்சாஸ் மரச்செதுக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் கிடையாது.

கல்லும் மரமும் சேரும் கோட்டில் தொடங்குங்கள். மேலே ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிடக் கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். அந்தத் துருத்தலைத் தாங்கும் இடங்களில்தான் உருவங்கள். அடுத்து மூலைக்குப் போங்கள். அங்கே விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் பெண் உருவங்களாக. பிறகு ஜன்னல் வரிசை. மொத்தம் 75 ஜன்னல்கள், குப்பியின் அடிப்பாகம் போன்ற வட்டக் கண்ணாடிகள். அவற்றைச் சுற்றி ஐம்புலன்கள், மனித வாழ்வின் பருவங்கள், ராசிச் சின்னங்கள், இசைக்கருவி வாசிப்பவர்கள், சீசர், சார்லமேன் போன்ற வீரர்கள். எல்லாவற்றையும் பெயர் சொல்லி அடையாளம் காண முயன்றால் கழுத்துதான் வலிக்கும். ஒரு ஜன்னலை எடுத்துக்கொண்டு அதன் இரு பக்கமும் ஒப்பிடுங்கள். ஒரே வடிவம் போலத் தோன்றும், எங்கும் ஒன்றாக இருக்காது. கருமையான நிறம் காலத்தால் வந்தது; 16ஆம் நூற்றாண்டுக்காரர் இதே கருமையைப் பார்த்திருக்க மாட்டார்.

அங்கேயே இன்னொன்று. மாடிகள் தெருவுக்குள் எவ்வளவு துருத்தலாம் என்று நகரம் வரம்பு வைத்திருந்தது. அந்த அளவைப் பேராலயத்தின் தெற்குப் பக்கக் கல்லில் எழுத்தோடு பொறித்து வைத்தார்கள், யாரும் அளந்து சரிபார்க்கலாம் என்று.

கேள்வி: நான் மரச்செதுக்கு செய்பவன். ஓக் தூணில் பீப்பாய்த் தச்சர் சின்னத்தை அந்தப் பழைய முறையில் செதுக்க விரும்புகிறேன். அளவும் வரிசையும் சொல்ல முடியுமா?

பதில்: முதலில் மரம். நன்கு காய்ந்த ஓக்கைத் தேடாதீர்கள். அவர்கள் வெட்டி அதிக நாளாகாத பச்சை ஓக்கில்தான் செதுக்கினார்கள். காய்ந்த பிறகு உளி வழுக்கும், நார் தெறிக்கும். வைரம் பாய்ந்த பகுதி மட்டும் முகப்பில் இருக்கட்டும். வெளி வெள்ளைப்பகுதியை விட்டால் சில வருடங்களில் பூச்சி அதைத் தின்று சின்னத்தின் ஓரத்தை மட்டும் கொண்டுபோகும். நடுத்தண்டு உள்ள மரமானால் முகப்பில் வெடிப்பு வரும். ஓக் வளையத்தின் போக்கில் 8 முதல் 10 சதவீதம் சுருங்கும், குறுக்காக அதில் பாதிதான். அந்த வேறுபாடுதான் வெடிப்பு. எந்த முகம் நடுத்தண்டுக்கு மிகத் தள்ளியிருக்கிறதோ அதைச் செதுக்குக்கு ஒதுக்குங்கள்.

25 செ.மீ. தூணுக்குக் கேடயம் 17 செ.மீ. அகலம், 22 செ.மீ. உயரம் போதும், இரு ஓரமும் 4 செ.மீ. சும்மா இருக்க வேண்டும். மிக அருகிலுள்ள கழுந்துத் துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பார்வை உயரத்துக்குச் சற்று மேலே இருக்கும்படி, தூணை நிறுத்தும் முன் தரையில் அளந்து குறியுங்கள். நிறுத்திய பின் உச்சி சிறிதாகத் தெரியும் என்பதால், பீப்பாயின் மேல் பாகத்தை விரல் அகலம் நீட்டி வரைவது நல்லது.

வெட்டும் வரிசை இப்படி. V உளியால் கேடயத்தின் வெளிக்கோடு. பிறகு பின்னணியை 12 முதல் 15 மி.மீ. இறக்கவும். முதலில் அகலமான நகவுளியால் நாருக்குக் குறுக்காக, கடைசியில் நாரோடு. பீப்பாயைப் பிறகு உருட்டுங்கள்: நடுவில் 15 மி.மீ. உயரம் விட்டு இரு ஓரத்திலும் பின்னணி வரை இறக்கம். பலகைகளைப் பிரிக்கும் கோடுகளைக் கடைசியில் போடுங்கள். முன்பே போட்டால் உருட்டும்போது காணாமல் போகும். வளையங்கள் இரண்டு ஜோடி. கவராயத்தையும் கொட்டாப்புளியையும் பீப்பாய்க்கு மேலே குறுக்கே போடும்போது எது மேலே, எது கீழே என்பதை வரையும்போதே முடிவு செய்யுங்கள். கீழே போவதை 5 மி.மீ. தாழ்த்தினாலே கண் நம்பிவிடும்.

எல்லோரும் தவறுவது ஓர் இடத்தில்: கேடயத்தின் கீழ் விளிம்பு. பின்னணியை இறக்கியதும் அங்கே ஒரு சின்னத் தொட்டி உருவாகும். மழைத்தண்ணீர் தங்கி, அங்கிருந்துதான் அழுகல் தொடங்கும். கீழ் விளிம்பை வெளிப்பக்கம் சாயும்படி 10 முதல் 15 பாகை சரித்துவிடுங்கள். பழைய செதுக்குகளில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தால் இந்தச் சரிவு தெரியும். அடிப்பக்கம் குடைந்து நிழல் உண்டாக்க ஆசை வரும், வேண்டாம். அந்த மெல்லிய உதடு பத்து மழைக்காலம் தாங்காது.

மணல்தாள் தொடாதீர்கள். உளி விட்ட முகமே இறுதி முகம். கூரான உளி நாரை மூடிவிட்டுப் போகும், தாள் அதைப் பிய்த்துத் திறந்துவிடும். இரும்பு ஆணி, இரும்புத்தூள் எதுவும் ஈர ஓக்கில் படக்கூடாது. ஓக்கின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து மைபோலக் கறுக்கும், எடுக்க முடியாது.

கேள்வி: ரிக்விர் அருகே ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். செதுக்கிய மூலைத்தூணின் அடி, விரல் அழுந்தும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. தூணையே மாற்ற வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர்.

பதில்: மாற்ற வேண்டாம். தூணின் அடி அழுகியதற்குச் செதுக்கு உள்ள மேல்பகுதி பலியாக வேண்டியதில்லை. முதலில் காரணத்தைத் தேடுங்கள், பிறகு மரத்தைத் தொடலாம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 400 வருடம் அழுகாத மரம் இப்போது அழுகுகிறது என்றால், அண்மையில் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி சிமெண்ட். மரச்சட்டங்களுக்கு நடுவே உள்ள மண்சுவர் கட்டங்களில் சிமெண்ட் பூசியிருப்பார்கள். மரம் சுருங்கி விரிய, சிமெண்ட் அசையாமல் நிற்க, நடுவே முடிக்கோடு போல இடைவெளி விழும். தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. அல்லது வெளித்தரையை உயர்த்தி அடிச்சட்டத்தை மண்ணோடு சேர்த்திருப்பார்கள். மணற்கல் அடித்தளத்தின் மேல் சட்டம் உட்கார்ந்திருப்பதே மண்ணின் ஈரம் எட்டாமலிருக்கத்தான். பிளாஸ்டிக் பெயிண்ட்டும் இதே வேலையைச் செய்யும்.

சரிசெய்யும் முறை: வீட்டின் பாரத்தை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, அழுகிய பகுதியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும் மரம் வரும் வரை வெட்டவும். புது ஓக் துண்டைச் சாய்வெட்டு இணைப்பாக மேலே சேர்க்க வேண்டும். இணைப்பின் நீளம் மரத்தின் தடிப்பைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு, 25 செ.மீ. தூணுக்கு 65 செ.மீ.க்குக் குறையாமல். காய்ந்த ஓக் ஆணிகள், 20 மி.மீ. தடிப்பில். கழுந்தில் உள்ள துளையை 2 முதல் 4 மி.மீ. தோள்பக்கம் தள்ளித் துளைத்தால் ஆணி இறங்கும்போது இணைப்பைத் தானே இழுத்து இறுக்கும். ரெசின் ஊற்றிக் கெட்டியாக்கலாம் என்று யாராவது சொன்னால் அடித்தூணில் மட்டும் கேட்காதீர்கள். ரெசினுக்குப் பின்னால் ஈரம் சேர்ந்து, நல்ல மரமும் அடுத்து அழுகும்.

சிமெண்ட்டை உரித்த கட்டங்களில் பழைய வரிச்சு (மண்ணைத் தாங்கும் குச்சிப் பின்னல்) மிஞ்சியிருந்தால் அதன் மேலேயே களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் பிசைந்து இரண்டு படையாகப் பூசலாம். முதல் படை வெடிக்கும், வெடிக்கட்டும். அந்த வெடிப்பில்தான் இரண்டாவது படை பிடிக்கும். நன்கு காய ஒரு மாதத்துக்கு மேலாகும். அதன் மேல் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டரை பங்கு. பூச்சு மரத்தின் முகத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் உள்ளேயோ நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் அது தண்ணீர் உட்காரும் திண்ணையாகிவிடும். நிறத்துக்குச் சுண்ணாம்பு நீர் மூன்று மெல்லிய பூச்சு, வெயில் படாத நேரத்தில், சுவரை நனைத்த பின். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் இருந்தால் ஒத்திவையுங்கள்.

செதுக்கு மேல் உள்ள பழைய பெயிண்ட்டை எடுக்க மணல் பீச்சியடிக்க விடவே கூடாது. ஒரு மணி நேரத்தில் உளித்தடம் முழுவதும் போய், கேடயம் சோப்புக் கட்டி போல ஆகிவிடும். மிதமான சூடும் மரச்சுரண்டியும் பொறுமையும் போதும். பழைய வெள்ளைப் பூச்சில் ஈயம் இருக்கலாம், முகமூடி அவசியம்.

இவை எல்லாவற்றுக்கும் முன் ஊர் நகராட்சி அலுவலகம். முகப்பில் மாற்றம் என்றால் முன்னறிவிப்பு விண்ணப்பம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டர் வட்டத்துக்குள் இருந்தால், அரசின் பாரம்பரியக் கட்டடக்கலைஞரின் ஒப்புதலும் தேவை. அப்போது வழக்கமான ஒரு மாதத் தவணை இரண்டு மாதமாகும். ரிக்விர் போன்ற ஊரில் அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பது கடினம். உங்கள் வீடே பட்டியலில் உள்ளதா என்பதையும் கேளுங்கள், விதிகள் இன்னும் இறுகும். அல்சாஸ் வீடுகளைக் காக்க 1972 முதல் இயங்கும் ஆஸ்மா என்ற சங்கம் உரிமையாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறது. ஒப்பந்ததாரரிடம் மறுபடி பேசும் முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

கேள்வி: தூணின் நடுவே நீளமாக ஒரு வெடிப்பு, செதுக்கின் குறுக்கே போகிறது. புட்டி வைத்து அடைக்கலாமா?

பதில்: அடைக்காதீர்கள். மரம் காயும்போது வந்த வெடிப்பு, தூணின் பலம் குறையவில்லை. புட்டி மழைக்காலத்தில் பிதுங்கும், கோடையில் பிரியும், இடையில் தண்ணீரைத் தேக்கும். மேல்நோக்கித் திறந்த வெடிப்பில் தண்ணீர் நேராக இறங்குகிறது என்றால் மட்டும் மெல்லிய ஓக் ஆப்பு ஒன்றை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்படி செருகலாம்.

கேள்வி: இரண்டு நாள்தான் இருக்கிறது. எங்கே போவது? படம் எடுத்தால் செதுக்கு தட்டையாகவே வருகிறது.

பதில்: முதல் நாள் ஸ்ட்ராஸ்பூர்: காமர்ஸெல், தோல்காரர் வீடு, உள்ளறைகளைப் பார்க்க ஆற்றங்கரையில் உள்ள அல்சாஸ் அருங்காட்சியகம். நேரம் மிஞ்சினால் ரயிலில் சவெர்ன் போய்வரலாம். ஆயரின் வரி அதிகாரி 1605இல் கட்டிய காட்ஸ் வீட்டின் செதுக்கு, காமர்ஸெலுக்கு அடுத்தபடி நிற்கும். இரண்டாம் நாள் அரைமணி ரயிலில் கொல்மார், அங்கிருந்து பேருந்தில் ரிக்விர். தொழிலாளர் வீடுகளைப் பட்டறையோடு சேர்த்துப் பார்க்க விரும்பினால் இரண்டாம் நாளை அப்படியே உங்கர்ஸ்ஹைம் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். இடிபடவிருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய இடம், 1984இல் திறந்தது, 70க்கு மேற்பட்ட கட்டடங்கள். குளிர்காலத்தில் பல வாரம் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

படம் தட்டையாக வருவதற்குக் காரணம் வெளிச்சம் நேராக விழுவது. சூரியன் சுவரை உரசிக்கொண்டு போகும் நேரம் வேண்டும்: கிழக்கு முகப்புக்கு நண்பகலுக்குச் சற்று முன், மேற்கு முகப்புக்கு நண்பகலைத் தாண்டிய சிறிது நேரம். வடக்கு முகப்பை மாலையில், பக்கவாட்டில் பிடித்த ஒரு டார்ச்சோடு எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று கழுத்தில் இருக்கட்டும், உளித்தடம் அதில்தான் தெரியும்.